குகைக்குள் ஒரு சுளுக்கு

மேகாலயத்துக்குச் சுற்றுலா செல்லும் நாம், சிரபுஞ்சி அருகே மவ்ஸ்மாய் குகைக்குள் மின்விளக்கு வெளிச்சத்தில் சிறிது தூரம் நடந்து, சுண்ணாம்பு விழுதுகளைக் கண்டு வியந்து திரும்பிவிடுகிறோம். அதே மாநிலத்தின் ஜைந்தியா மலையிலுள்ள கிரெம் லியாட் பிரா குகையோ 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. (கிரெம் என்றால் காசி மொழியில் குகை.) அங்கே விளக்குமில்லை, படிக்கட்டுமில்லை. இத்தகைய குகைக்குள் இறங்குவது மலையேற்றத்தைவிட ஆபத்தானதா?

விபத்துகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இல்லை என்றே தோன்றும். ஆனால் குகைக்குச் செல்வோரே சிலர்தாம்; வெறும் எண்ணிக்கையை ஒப்பிடுவது நியாயமாகாது. காற்றுருளை பூட்டி, நீர் நிறைந்த குகைக்குள் மூழ்கிச் செல்வதையும் இதனுடன் சேர்த்து எண்ணலாகாது. அது முற்றிலும் வேறு, மிகக் கொடிய ஆபத்துள்ள கலை.

உண்மையான வேறுபாடு மீட்பில் இருக்கிறது. 2014 ஜூனில் ஜெர்மனியின் ரீசென்டிங் குகையில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், தேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. அவரை மேலே கொண்டுவர 11 நாட்களும் 700க்கும் மேற்பட்டோரின் உழைப்பும் தேவைப்பட்டன. இதே காயம் திறந்த மலைச்சரிவில் நேர்ந்திருந்தால், வானிலை இடங்கொடுக்குமாயின், ஹெலிகாப்டர் சில மணி நேரத்தில் மருத்துவமனை சேர்த்திருக்கும். மலைப்பாதையில் ஒரு நாள் தொல்லையாக முடியும் கணுக்கால் சுளுக்கு, குளிரும் ஈரமும் நிறைந்த இடுக்கில் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

அடுத்தது நீர். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று நுழைந்த 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மழைவெள்ளம் அடைத்துவிட்டது. ஜூலை 10க்குள் அனைவரும் மீண்டனர். மீட்கச் சென்ற முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். மேகாலயக் குகைகளில் ஆய்வாளர்கள் பருவமழையைத் தவிர்த்து, வறண்ட மாதங்களில் இறங்குவதும் இதனால்தான். ஆளுக்கு மூன்று விளக்குகள் எடுத்துச் செல்வதும், திரும்பும் நேரத்தை வெளியே ஒருவரிடம் சொல்லிவைப்பதும் அவர்களது பழைய வழக்கம்.

நமது காப்பீட்டையும் சற்றுப் பார்ப்போம். தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். பத்திரத்தில் 'குகை' என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த விலக்கு அதையும் உள்ளடக்கலாம். ஆகவே மீட்புச் செலவும் சேருமா என்பதைப் புறப்படுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம்.