உத்திரமேரூர்: டிரோன் ஷாட்டுல வராத சுவர்

டிராவல் டாக்குமென்ட்ரில உத்திரமேரூர் வந்தாலே ஒரு ஃபார்முலா இருக்கு மக்களே. கோபுரத்துக்கு மேல டிரோன், பின்னாடி புல்லாங்குழல், "உலகின் முதல் ஜனநாயகம்"னு ஒரு தம்ப்நெயில். அஞ்சு நிமிஷத்துல அடுத்த ஊர்.

ஆனா விஷயமே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்லதான் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பா, அதாவது வார்டா பிரிச்சாங்க. தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. இதுதான் குடவோலை. வயசு 35க்கு மேல, 70க்குள்ள. எனக்குப் பிடிச்ச விதி: வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவர் மட்டுமில்ல, அவரோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. (இன்னைக்கு இதைக் கொண்டு வந்தா? சரி, அது வேற எபிசோடு.)

அதே சுவர் இன்னொண்ணும் சொல்லுது. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும்னு சலுகை வேற! ஏன்னா இது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலத்தோட சபை. நிலமில்லாம அந்த மண்ணுல உழைச்சவங்க பேரு குடத்துக்குள்ள போக வழியே இல்லை. எடிட்டிங்ல முதல்ல வெட்டுப்படுறது இந்தப் பகுதிதான். அதை வெட்டினா மிஞ்சுறது வரலாறு இல்ல, விளம்பரம்.

போறவங்க சுவரைப் பார்த்துட்டு ஏரிக்கரைக்கும் போங்க. ஏரி வாரியம்னு 6 பேரை அந்தக் குடத்துலேருந்துதான் எடுத்தாங்க.