உரச்சாக்கிலிருந்து ஒரு கண்ணாடி!

திருச்செங்கோடு என்றால் அர்த்தநாரீசுவரர் மலை. விட்டால், இந்தியா முழுக்க ஓடும் போர்வெல் ரிக் வண்டிகள். அந்த ஊரில் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை உருக்கிப் பார்த்திருக்கிறார்கள், தெரியுமா? கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியின் நானோ ஆய்வு மையத்தில், பேராசிரியர் வி.ராஜேந்திரன் குழு செய்த வேலை அது. டைட்டானியம் ஆக்சைடும் சிர்கோனியாவும் சேர்த்த பாஸ்பேட் கண்ணாடிகள் பற்றிய அவர்களது கட்டுரைகள் 2010-ல் சர்வதேச ஆய்விதழ்களில் வந்தன.

இந்த வகைக் கண்ணாடி எப்படிப் பிறக்கிறது என்று எட்டிப் பார்ப்போமா? முதல் ஆச்சரியமே சரக்கில்தான். மணல் வேண்டாம்! ஆய்வகங்களில் வழக்கமாக எடுப்பது அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மஞ்சள் காட்டுக்குச் சொட்டுநீரில் கரைத்து விடுகிறோமே 12:61:0 உரம், அதேதான். ஆய்வகச் சரக்கில் சுத்தம் அதிகம், விலையும் அதிகம். கூடவே கால்சியம் கார்பனேட், சோடியம் கார்பனேட்.

எல்லாவற்றையும் நைசாக அரைத்து, மூசையில் கொட்டி, உலைக்குள் வைத்தாயிற்று. 300 டிகிரி வாக்கில் கிளம்பும் பாருங்கள் அம்மோனியா நெடி! இங்கே அவசரம் கூடாது. சட்டென்று சூடேற்றினால் பொங்கி வழிந்து உலையையே பாழாக்கிவிடும். நெடி அடங்கியபின் 1,000, 1,100 டிகிரிக்கு ஏற்றினால் போதும், உருகிவிடும்.

அந்தப் 'போதும்'தான் விஷயமே. சுத்தமான சிலிக்கா உருக 1,700 டிகிரி தாண்ட வேண்டும். சோடா சேர்த்த ஜன்னல் கண்ணாடிக்கே 1,500 வரை போகிறார்கள். ஏன்? சிலிக்கான் அணு நான்கு பக்கமும் ஆக்சிஜன் வழியாக அக்கம்பக்கத்தோடு பிணைந்து கிடக்கும். பாஸ்பரசுக்கோ ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் போய்விட, மிச்சம் மூன்று. சோடியம் வந்து அதிலும் சிலவற்றை அறுத்துவிடும். வலை சங்கிலியாகிவிட்டால் இளகக் கேட்பானேன்? 1984-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்து பால் டிக், பாஸ்பேட்டோடு வெள்ளீயமும் ஃப்ளோரினும் சேர்த்து, இட்லி வேகும் சூட்டிலேயே இளகத் தொடங்கும் கண்ணாடியைக் காட்டினார்!

சரி, ஊற்றும் நேரம் வந்துவிட்டது. நீள இடுக்கி, தடித்த கையுறை. செக்கச்செவேலென்று ஒளிரும் குழம்பு, முன்பே சூடாக்கிய எஃகு அச்சில் விழுகிறது. சிவப்பு வடிகிறது... அட, அந்தப் பக்கம் தெரிகிறது! கைதட்டத் தோன்றும், ஆனால் நேரமில்லை. உடனே இன்னொரு உலைக்குள் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் 'சடக்'.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு பெரிய கெட்ட பழக்கம்: தண்ணீரைக் கண்டால் கரையும். ஈரக்காற்றிலேயே பளபளப்பு மங்கும். ஜன்னலுக்கு உதவாது. ஆனால் அந்தப் பழக்கத்தையே காசாக்கியவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரை மென்மையாக்கத் துணிச் சாயமேற்றும் ஆலைகளில் போடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் வேறொன்றுமில்லை, கரையும் பாஸ்பேட் கண்ணாடிதான்!

எலும்பு வைத்தியத்திலும் கரைவதுதான் லாபம். உடம்புக்குள் மெல்லக் கரைந்து கால்சியமும் பாஸ்பேட்டும் தர வேண்டும்; அதே சமயம் சீக்கிரமாகவும் கரைந்துவிடக் கூடாது. அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான் டைட்டானியம் போன்ற சேர்மானங்கள். ரத்த நீரைப் போன்ற உப்புக் கலவையில், 37 டிகிரியில், வாரக்கணக்கில் ஊறவைத்து, மேலே எலும்புத் தாதுப் படலம் படிகிறதா என்று பார்ப்பார்கள். கேளா ஒலியைக் கண்ணாடிக்குள் செலுத்தி, அது கடக்கும் வேகத்தை வைத்து உறுதியைக் கணக்கிடும் முறையும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: உடைக்காமலே பலம் பார்ப்பது!

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளே, ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்களா? 1,100 டிகிரி ஏறும் மஃபிள் ஃபர்னஸ் உங்கள் துறையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புகைபோக்கி வேலை செய்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.