மலை மேல் நின்று வாணவேடிக்கை: கருவடிக்குப்பத்து வாலிபர்கள் ஆசை நிறைவேறுமா?

புதுவை,

தீபாவளி, கார்த்திகை நெருங்கினால் போதும். கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை பக்கம் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்துவிடும். "மச்சான், சாயங்காலம் மலை ஏறிடலாம். உச்சியில நின்னு பார்த்தா ஊரு முழுக்க வெடிக்கிற வாணம் நம்ம காலுக்குக் கீழ தெரியும்டா."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மலை? ஏற விடுவார்களா? ஏறினால் என்ன தெரியும்? இறங்குவது எப்படி? இந்த 4 கேள்விக்கும் விடை தெரிந்துகொண்டு பைக்கை எடுப்பது நல்லது.

30 மீட்டர் மலை

புதுவையில் மலை கிடையாது. கோரிமேட்டு செம்மண் மேட்டைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு மலைகள்' என்று எழுதி வைத்தார்கள். அதன் உயரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 30 மீட்டர். 10 மாடி கட்டிடத்தின் உயரம்தான். மலை என்று பெயர் வைத்த துரைக்கு நல்ல மனசு.

கருவடிக்குப்பம் அந்த மேட்டுக்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. பாரதியார் வந்து உட்கார்ந்த குயில் தோப்பும், சித்தானந்த சுவாமி கோவிலும் இங்கேதான். ஏறிப் பார்க்க இங்கே இருப்பது மொட்டை மாடி மட்டுமே.

அதனால் புதுவை வாலிபர்களுக்கு மலை என்றால் இரண்டு பெயர்தான் முதலில் வாயில் வரும். ஒன்று செஞ்சி. இன்னொன்று திருவண்ணாமலை.

செஞ்சியில் நடக்காது

புதுவையில் இருந்து செஞ்சி சுமார் 70 கி.மீ. ராஜகிரி கோட்டை 800 அடி உயரம். தொல்லியல் துறை கட்டுப்பாட்டில் இருக்கும் கோட்டை அது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ல் ஒன்றாக யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

மாலையில் கோட்டையை மூடிவிடுவார்கள். உச்சிக்கு ஏறுகிறவர்களை அதற்கும் முன்பே, பிற்பகலிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். இருட்டிய பிறகு ராஜகிரி உச்சியில் நின்று வாணவேடிக்கை பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

2,500 பேர் ஏறிய மலை

உண்மையிலேயே பண்டிகை நாள் மாலையில் ஜனங்கள் உச்சிக்கு ஏறிய மலை என்றால் அது திருவண்ணாமலைதான். 2,668 அடி உயரம். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு உச்சியில் மகா தீபம் ஏற்றப்படும். ஆள் உயரக் கொப்பரை, 3,500 கிலோவுக்கு மேல் நெய், ஆயிரம் மீட்டர் காடாத்துணி திரி. தீபம் தெரிந்த நிமிஷத்தில் கீழே ஊர் முழுக்க வீடுகளில் விளக்கு ஏறும். வாணவேடிக்கையும் தொடங்கிவிடும்.

அந்தக் காட்சியை மேலே இருந்து பார்க்கத்தான் போட்டி. ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று இருந்தது. கூட்டம் தாங்காமல் பிறகு கட்டுப்பாடு வந்தது. முதலில் வரும் 2,500 பேருக்கு மட்டும் அனுமதி சீட்டு. அரசு கலைக்கல்லூரியில் காலையிலேயே வரிசை நிற்க வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். கற்பூரம், பட்டாசு எதையும் மேலே கொண்டு போகக்கூடாது.

சீட்டு கிடைக்காதவர்கள் வேறு பக்கமாக, பாதையே இல்லாத இடத்தில் ஏறி மாட்டிக்கொள்வதும் நடந்தது.

அந்த ஒரே மழை

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. புதுவையில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தெருக்களில் படகு விட்டு ஜனங்களை மீட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே மழை மேற்கே நகர்ந்து திருவண்ணாமலையில் கொட்டியது. மறுநாள், டிசம்பர் 1-ந்தேதி, மலைச்சரிவில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. வீட்டுக்குள் இருந்த கணவன், மனைவி, 5 குழந்தைகள் என 7 பேரும் இறந்தார்கள். அந்த 5 பேரில் 3 பேர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்.

தீபம் அந்த ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி. இரண்டு வாரம் கூட இடையில் இல்லை. புவியியல் வல்லுனர்கள் மலை ஏறிப் பார்த்தார்கள். ஈரம் ஊறிய மண், பிடிமானம் இழந்த பாறைகள். தீபம் ஏற்றும் பணிக்குத் தேவையானவர்கள் மட்டும் போகலாம், பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. தீபம் வழக்கம் போல ஏறியது. 2025 டிசம்பர் 3-ந்தேதி நடந்த தீபத்துக்கும் பக்தர்கள் மலையேறத் தடை தொடர்ந்தது.

"நெய் கொண்டு போறதா வேண்டுதல் இருக்கு, விட மாட்டேங்கிறாங்களே" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வேண்டுதல் உள்ளவர்கள் நெய்யைக் கோவிலிலேயே காணிக்கையாகச் செலுத்தலாம்.

உச்சியில் என்ன தெரியும்?

சரி, ஏறிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே இருந்து நம்ம புதுவை தெரியுமா என்பதுதான் கருவடிக்குப்பத்துப் பிள்ளைகள் அடிக்கடி போடும் சண்டை.

கணக்கு சுலபம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் எத்தனை கி.மீ. வரை கண்ணுக்கு எட்டும் என்பது வந்துவிடும். 2,668 அடி என்றால் 813 மீட்டர். விடை சுமார் 100 கி.மீ. புதுவை நேர்கோட்டில் 90 கி.மீ. அப்படியானால் தெரிய வேண்டும்.

ஆனால் 90 கி.மீ. தூரத்தில் 100 மீட்டர் அகலத்துக்கு விரியும் பெரிய வாணம் கூட, நீட்டிய கையில் பிடித்த குண்டூசி முனை அளவுதான் இருக்கும். தெருவில் விடும் பேன்சி பட்டாசு ஒரு புள்ளி. மழைக்கால மூட்டமும் புகையும் சேர்ந்தால் அந்தப் புள்ளியும் இல்லை. சத்தம் எட்டவே எட்டாது.

பக்கத்தில் இருக்கும் ஊர் நன்றாகத் தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு ஏமாற்றம் உண்டு. தெருவில் நிற்கிறவனுக்கு வாணம் தலைக்கு மேல் வானம் முழுக்க விரிகிறது. மலையில் நிற்கிறவனுக்கு அதே வாணம் காலுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில், சத்தம் இல்லாமல் பூத்து அணைகிறது. ஒளி உடனே வரும். சத்தம் ஒரு கி.மீ.க்கு 3 வினாடி தாமதமாக வரும். ஒரு வாணம் அணைந்த பிறகு அதன் 'டொப்' கேட்கும்.

எண்ணிக்கைதான் அங்கே அழகு. ஒரே நேரத்தில் 20 கிராமத்து வாணத்தைப் பார்க்க முடியும். அதுவும் கொஞ்ச நேரம்தான். காற்று அசையாத இரவில் புகை மேலே போகாமல் ஊர் மேல் போர்வை மாதிரி படிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2018-ல் இருந்து தீபாவளிக்குப் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தெருவில் அந்த நேரத்தை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இறங்குவதுதான் கஷ்டம்

மலை விபத்துகளில் ஏறும்போது நடப்பதை விட இறங்கும்போது நடப்பதுதான் பயம். களைத்த கால், வழுக்கும் பாறை, இருட்டு.

இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். நிலா இருக்காது. கார்த்திகை தீபம் பவுர்ணமியை ஒட்டி வரும். மேகம் இல்லாவிட்டால் இறங்க நிலா வெளிச்சம் இருக்கும். அந்தக் காலத்தில் ஜனங்கள் தீபத்துக்கு மலை ஏறி இரவில் இறங்கியதில் நிலாவுக்கும் பங்கு உண்டு. அதைப் பார்த்து தீபாவளி ராத்திரி மலை ஏறலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

பளிச் பளிச்சென்று வாணத்தைப் பார்த்த கண், மறுபடி இருட்டுக்குப் பழக 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். செல்போன் லைட்டை நம்பி இறங்கினால் பாதி வழியில் சார்ஜ் போய்விடும்.

மலை மேலேயே பட்டாசு கொளுத்தலாம் என்ற யோசனை இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ந்தேதி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ ஆளை விட வேகமாக மேட்டில் ஏறும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதே குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுடன் திறந்தது. வழிகாட்டியுடன் பகலில் போய் வரும் நடைகள் அவை.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்று 14,115 அடி உயர மலை. 1922 டிசம்பர் 31-ந்தேதி 5 பேர் பனியில் ஏறி, நள்ளிரவில் உச்சியில் இருந்து வாணம் விட்டார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டு அந்தச் சங்கம் இன்றும் ஏறுகிறது. ஊர் மொத்தமும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது.

திருவண்ணாமலையிலும் அதேதான். வெளிச்சம் மேலே, ஜனங்கள் கீழே. 14 கி.மீ. கிரிவலப் பாதையில் எங்கே நின்றாலும் தீபம் தெரியும். ஒரே நாளில் அணைந்துவிடாது, 11 நாள் எரியும். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் நாலாம் நாள், ஐந்தாம் நாள் போய் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வாணவேடிக்கை மட்டும் போதும் என்றால் கருவடிக்குப்பம் மொட்டை மாடியே வசதி. ஜூலை 14 பிரான்ஸ் தேசிய தினத்தை ஒட்டி கடற்கரை சாலையில் விடும் வாணம் இங்கிருந்து 3 கி.மீ. சொச்சம். தென்னை மரம் மறைக்காத மாடியாகப் பார்த்து ஏற வேண்டும். வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் பத்தை ஒட்டி சத்தம் வந்து சேரும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளை மட்டும் தனியாக விடக்கூடாது.