14 விநாடிகளை அளந்த சுருள்வில்

1970 ஏப்ரல். நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ 13 விண்கலத்தில் உயிர்வளித் தொட்டி ஒன்று வெடித்தது. நிலவில் இறங்கும் திட்டம் கைவிடப்பட்டது. பூமிக்குத் திரும்பும் வழியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த வழிகாட்டும் கணினியை நிறுத்திவிட்டார்கள். ஆனால், பாதையைத் திருத்த இயந்திரத்தை 14 விநாடிகள் இயக்கியாக வேண்டும். விண்வெளி வீரர் ஜாக் சுவைகர்ட் தம் ஒமேகா கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தை அளந்தார். மூவரும் உயிருடன் திரும்பினர்.

அந்தக் கடிகாரத்தில் பேட்டரி இல்லை. அது சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம். மாணவர்களே, பேட்டரி இல்லாமல் அது எப்படி ஓடுகிறது?

ஆற்றலின் பயணம்

பக்கத்தில் உள்ள குமிழைத் திருகும்போது, உள்ளே ஒரு வட்டப் பெட்டிக்குள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. உங்கள் விரல்கள் செய்த வேலை அதில் நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. முழுமையாகச் சாவி கொடுத்தால் பெரும்பாலான கடிகாரங்கள் ஒரு நாளுக்கு மேல் ஓடும்.

சுருள்வில் தளரும்போது பெட்டி மெதுவாகச் சுழன்று, அடுத்தடுத்த பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரு சக்கரம் மணிக்கு ஒரு சுற்று. இன்னொன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் சுருள்வில்லின் ஆற்றல் முழுவதும் சில நொடிகளில் தீர்ந்துவிடும்.

தடுத்து விடும் கவை

அதைத் தடுப்பது கவை போன்ற ஒரு சின்ன நெம்புகோல். கடைசிப் பற்சக்கரத்தை அது ஒவ்வொரு பல்லாகப் பிடித்து விடுகிறது. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை இங்கிருந்துதான் வருகிறது.

எப்போது விட வேண்டும் என்பதை முடிவு செய்வது சமநிலைச் சக்கரம். மயிரிழை போன்ற மெல்லிய சுருளுடன் அது முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கவை அதற்கு ஒரு சிறு தள்ளு கொடுக்கிறது. ஊஞ்சலைத் தள்ளிவிடுவது போலத்தான். ஆட்டம் சற்றுக் குறைந்தாலும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் அநேகமாக மாறுவதில்லை. துல்லியத்தின் அடிப்படை இதுவே. டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1675இல் இத்தகைய சுருளைக் கடிகாரத்தில் பயன்படுத்திக் காட்டினார்.

பல பழைய கடிகாரங்கள் விநாடிக்கு 5 முறை துடிக்கின்றன. அப்படியானால் ஒரு நாளைக்கு 432,000 துடிப்புகள். நாளுக்கு 10 விநாடி தவறினால்கூட, அது 50 துடிப்புகளின் பிழை மட்டுமே!

எதிரியின் பெயர் உராய்வு

இத்தனை துடிப்புகளில் அச்சுகள் தேயாதிருக்க, அவை கடினமான செயற்கை மாணிக்கக் கற்களில் பொருத்தப்படுகின்றன. கடிகாரத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பது இந்தக் கற்களைத்தான்.

ஊசி முனையளவு எண்ணெயும் தேவை. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் தடித்து, தூசியுடன் கலந்துவிடும். அப்போது ஆட்டம் குறையும்; அச்சுகள் தேயும். எனவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிகாரப் பழுதுபார்ப்பவர் எல்லாப் பாகங்களையும் பிரித்து, கழுவி, உலர்த்தி, புதிய எண்ணெய் இடுகிறார். அதிக எண்ணெயும் ஆபத்து. மயிரிழைச் சுருளில் எண்ணெய் பட்டால் அதன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் வேகமாக ஓடும். காந்தமேறினாலும் இதே கதிதான்.

நாம் செய்ய வேண்டியவை

• தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். குமிழ் இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.
• ஒலிபெருக்கி, காந்தம் பொருத்திய கைப்பேசி உறை ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள்.
• மழையிலும் வியர்வையிலும் நனைய விடாதீர்கள். ஈரம் புகுந்தால் எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும்.
• மூடியை நீங்களே திறக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

தாத்தாவின் பழைய சாவிக் கடிகாரம் வீட்டில் இருந்தால், சற்றுத் தள்ளி நின்று, விநாடி முள்ளை மெதுவோட்டக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு விநாடியில் முள் எத்தனை முறை நகர்கிறது? 5 என்றால், மணிக்கு 18,000 துடிப்புகள். 6 அல்லது 8 என்றால்? கணக்கிட்டுப் பாருங்கள்.