வெங்கிஸ் வாங்கிய கால்பந்து கிளப்: முதலாளி பணம் தந்தும் ஏன் தள்ளாட்டம்?

அஸ்தினாபுரம் கடை ஃப்ரீசரில் சிக்கன் நக்கட்ஸ் பாக்கெட் மேல் ‘வெங்கிஸ்’ பெயரைப் பார்த்திருப்பீங்க. புனேயைச் சேர்ந்த அதே குழுமம்தான் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்புக்கும் முதலாளி. 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். கிளப்பின் பழைய கடனும் கூடவே வந்தது.

1995-ல் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற அணி, 2012-ல் அந்த லீக்கை விட்டே இறங்கியது. அன்றைய ஆட்டத்தில் கிளப் கொடி போர்த்திய கோழி ஒன்று மைதானத்துக்குள் ஓடியது! 2017-ல் மூன்றாம் நிலை லீக்குக்கும் சரிந்தது. மறு வருஷமே மேலே வந்தது.

முதலாளி பணம் போடலையா? போட்டார்கள், கோடி கோடியாக. ஆனால் பெரும்பகுதி கிளப் தலையில் கடனாகவே ஏறியது. வருமானத்தைவிடச் செலவு அதிகம். புனேயிலிருந்து பணம் போனால்தான் அங்கே அடுப்பெரியும்.

அமலாக்கத்துறை விசாரணைக்குப் பிறகு அதுவும் சிக்கலானது. பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அதற்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில், சின்ன வயசிலிருந்தே அங்கே வளர்ந்த ஆடம் வார்ட்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். சுமார் 1.8 கோடி பவுண்டு. கிளப்பையே வாங்கிய விலையில் முக்கால் பங்கு, 19 வயசுப் பையன் ஒருவனுக்கு.