வெயிலில் உழைக்கும் தோலும் லேசர் ஒளியும்

தேவையற்ற முடியை அகற்றும் லேசர் சிகிச்சை, முடிக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறமி ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுவதையும், அவ்வெப்பம் முடி முளைக்கும் வேர்ப்பையைச் சிதைப்பதையும் அடிப்படையாகக் கொண்டது. உரிய அலைநீளமுள்ள ஒளியை மிகக் குறுகிய நேரம் செலுத்தினால், சுற்றியுள்ள திசு பெரும்பாலும் தப்ப, இலக்கு மட்டும் சூடேறும் என்பதை அமெரிக்க வைத்தியர்களான ரொக்ஸ் அண்டர்சனும் ஜோன் பரிஷும் 1983இல் விளக்கினர்.

அதே நிறமி தோலின் மேற்படையிலும் இருப்பதால், கருநிறத்தோருக்கு இச்சிகிச்சையில் ஆபத்து கூடுகிறது. 694 நனோமீற்றர் அலைநீளமுள்ள ரூபி லேசரின் ஒளியை மேல்தோலே பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால், கொப்புளமும் தீக்காயமும் நாட்பட்ட கருந்தழும்பும் உண்டாகலாம். 1064 நனோமீற்றர் கொண்ட என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதாலும், அது ஆழமாக ஊடுருவுவதாலும், தோலைக் குளிரூட்டியபடி பயன்படுத்தும்போது கருநிறத்தோருக்கு அதுவே பாதுகாப்பானது.

இலங்கையின் வட்டகொடை போன்ற மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த ஆபத்துக்கு இன்னுமொரு காரணம் சேர்கிறது. உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரின் வலிமையும் ஏறுகிறது. குளிராலும் மேகமூட்டத்தாலும் அது உணரப்படுவதில்லை. நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகமும் கைகளும் வெயிலில் மேலும் கறுத்திருக்கையில் லேசர் செலுத்துவது ஆபத்தானது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வெயிலைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரையோ, நாட்சம்பளத்தில் வாழ்பவருக்கு வேலையையே விடச் சொல்வதாகிவிடுகிறது. ஆகவே அவரது தொழிலைக் கேட்டறியாமல் சிகிச்சையைத் தொடங்குவது பொறுப்பற்ற செயல்.

தொழிலோடு முடி வளர்வதன் காரணத்தையும் கேட்டறிய வேண்டும். நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்வது, மாதவிடாயைக் குழப்பும் சூலக ஓமோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 6.3 பேரிடம் இந்நோயைக் கண்டது. நீரிழிவுக்கும் வழிவகுக்கும் இக்கோளாற்றைக் கவனிக்காமல் முடியை மட்டும் சுட்டால், புதிய முடி தொடர்ந்து முளைக்கும்.

வளர்நிலையிலுள்ள முடியையே லேசர் தாக்குவதால், வாரக்கணக்கான இடைவெளியில் பல தடவைகள் சிகிச்சை தேவைப்படுகிறது. நரைமுடிக்கு அது பயன்படாது. முடி நெடுங்காலம் குறையுமேயன்றி முற்றாக ஒழியும் என்ற உறுதி இல்லை. ஆதலால், இலவச அரசாங்க வைத்தியசாலையில் காரணத்தை அறிந்த பின்னரே, கருந்தோலில் அனுபவமுள்ள தோல் வைத்திய நிபுணரிடம், முதலில் சிறிய இடத்தில் சோதித்து இச்சிகிச்சையைப் பெறுவது தகும். அரிதாய்ச் சேர்த்த பணத்தையும் உழைக்கும் உடலையும் காக்க இந்த ஒழுங்கு இன்றியமையாதது.