276 யார்டிலிருந்து 3,884 யார்டுக்கு

ஃபுட்பால் என்றதும் உங்களுக்கு மெஸ்ஸி ஞாபகம் வந்தால் தப்பே இல்லை. ஆனால் இது அந்த ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட், தோளில் பேட், இரண்டு முனையும் கூரான ஒரு பந்து, காலை விடக் கைக்குத்தான் அதிக வேலை. அமெரிக்கன் ஃபுட்பால். ஸ்டடி லீவில் சிலபஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படித்தான் இதில் மாட்டினேன்.

"நமக்கு எதுக்குடா இது?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. தொடர்ந்து தோற்கிற ஒரு கல்லூரி டீம் தன் ஆட்டமுறையை எப்படி மாற்றிக் கட்டியது என்பதுதான் விஷயம். புதுசாகப் பெரிய ஸ்டார் யாரும் வரவில்லை. பயிற்சி நேரமும் கூடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் சுத்தமான சிஸ்டம் டிசைன். கடைசி வரை படியுங்க, அப்புறம் திட்டுங்க.

முதலில் ரூல்ஸ், ஒரு நிமிஷத்தில். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கம் அஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி. இல்லையென்றால் பந்து எதிரிக்கு. எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 பாயின்ட். பந்தை ஓடியும் கொண்டுபோகலாம், எறிந்தும் கொண்டுபோகலாம். எறிவது குவார்ட்டர்பேக், பிடிப்பது ரிசீவர், குவார்ட்டர்பேக்கை அடி விழாமல் காப்பது முன்னால் நிற்கும் ஐந்து கனமான லைன்மேன்கள். இவ்வளவு போதும்.

இப்போது கென்டக்கிக்குப் போவோம். கென்டக்கி பல்கலைக்கழகம் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு பேஸ்கட்பால்தான். 1996-ல் அவர்களுடைய பேஸ்கட்பால் டீம் தேசிய சாம்பியன். அதே வருஷம் ஃபுட்பால் டீம் 4 வெற்றி, 7 தோல்வி. இத்தனைக்கும் அந்த டீமில் டிம் கவுச் என்று ஒரு முதலாமாண்டுப் பையன் இருந்தான். கிழக்கு கென்டக்கி மலைப்பகுதியில் ஹைடன் என்ற சின்ன ஊர். பள்ளியில் பந்தெறிவதில் தேசிய ரெக்கார்டே வைத்திருந்தவன். கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் அவன் எறிந்தது மொத்தம் 84 பந்து. பிடிபட்டது 32. கிடைத்தது 276 யார்டு, ஒரே ஒரு டச்டவுன்.

அந்த டீம் ஓட்டத்தை நம்பிய டீம். ஓட்டத்தில் என்ன பிரச்னை என்றால், அது நேருக்கு நேர் தள்ளுமுள்ளு. உங்க லைன்மேன் எதிர் லைன்மேனை நகர்த்தினால்தான் வழி கிடைக்கும். அலபாமா, ஃபுளோரிடா, டென்னசி மாதிரி பெரிய டீம்கள் இருக்கிற அதே லீகில் கென்டக்கியும் ஆட வேண்டும். பெரிய உடம்புள்ள நல்ல பையன்கள் முதலில் அங்கேதான் போவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து அவர்களையே தள்ளி ஜெயிக்க நினைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஃபிசிக்ஸ் தேவையில்லை.

இன்னொரு விஷயம். கல்லூரி வீரருக்கு ஆடக் கிடைப்பது நான்கு சீசன்தான். கோச் "மூணு வருஷத்தில் சரி பண்ணிடுறேன்" என்றால், இன்றைக்குக் கடைசி வருஷம் படிப்பவனுக்கு அந்தச் சரியான டீம் கிடைக்கவே கிடைக்காது. நானும் ஃபைனல் இயர் என்பதால் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நெஞ்சில் குத்தியது. ஆக, மாற்றம் வந்தால் கையில் இருக்கிற ஆட்களை வைத்தே, உடனே வர வேண்டும்.

சீசன் முடிந்ததும் கோச் பில் கர்ரி போனார். விளையாட்டுத் துறைத் தலைவர் சி. எம். நியூட்டன், அவரே பழைய பேஸ்கட்பால் கோச், புதுசாகக் கூட்டி வந்த ஆளைப் பார்த்து நிறைய பேர் "யாரு இவர்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். ஹால் மம்மி. ஜார்ஜியாவில் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியின் கோச். அதற்கு முன் அயோவா மாநிலத்தில் அயோவா வெஸ்லியன் என்ற குட்டிக் கல்லூரி. 1988-ல் ஒரு மேட்சைக்கூட ஜெயிக்காத அந்த டீமை 1989-ல் எடுத்து, முதல் வருஷமே 7 மேட்ச் ஜெயிக்க வைத்தவர். கூடவே ஒரு அசிஸ்டன்ட், மைக் லீச். இவர் கதை தனி. சட்டம் படித்து டிகிரி வாங்கிவிட்டு வக்கீலாகப் போகாமல் கோச்சாகப் போனவர். கல்லூரி டீமில் ஃபுட்பால் ஆடியதே இல்லை. கோர் கம்பெனிக்குப் போகாமல் வேறு எங்கேயோ போகப்போகிற நம்மில் பாதிப் பேருக்கு இவரைப் பிடிக்கும்.

இவர்கள் கொண்டுவந்த முறைக்குப் பெயர் ஏர் ரெய்டு. யூட்டாவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லாவெல் எட்வர்ட்ஸ் என்ற கோச் பந்தெறியும் ஆட்டத்தை வைத்தே 1984-ல் தேசிய சாம்பியன் ஆனார். மம்மி அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வெட்டுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், சீசன் நடக்கும்போது ஒரு வீரரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று 1991 முதல் விதி இருக்கிறது. அந்த 20 மணியில்தான் மீட்டிங், வீடியோ, ஜிம் எல்லாம். கோச்சிடம் 200 பிளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு ஒரு தடவைதான் ரிகர்சல் கிடைக்கும். 20 பிளேதான் என்றால் பத்துத் தடவை. ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகப் படித்துவிட்டு எக்ஸாம் ஹாலுக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மற்ற கோச்கள் தடித்தடியாக பிளேபுக் கொடுப்பார்கள். லீச் தன் வீரர்களுக்கு பிளேபுக்கே கொடுக்காதவர் என்று பெயர் வாங்கினார். இடது ஓரத்து ரிசீவர் எப்போதும் இடது ஓரம்தான், வலது ஓரத்துக்காரர் எப்போதும் வலதுதான். இடம் மாற்றி நிற்க வைத்தால் ஒரே ஓட்டத்தை ஒருவர் இரண்டு விதமாகப் பழக வேண்டும். மாற்றாவிட்டால் கற்க வேண்டியது பாதியாகிறது.

பயிற்சி முறையும் மாறியது. வழக்கமாக ஒரு குவார்ட்டர்பேக் ஒரு பந்தை ஒரு ரிசீவருக்கு எறிவார், மற்றவர்கள் சும்மா ஓடுவார்கள். இங்கே நான்கைந்து குவார்ட்டர்பேக்கை வரிசையாக நிறுத்தி, ஐந்து ரிசீவரும் ஓடும்போது ஆளுக்கு ஒரு பந்தாக ஒரே நேரத்தில் எறியச் சொன்னார்கள். அடுத்த தடவை எல்லோரும் ஒரு இடம் தள்ளி நிற்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு எறி நடந்த இடத்தில் இப்போது ஐந்து எறி. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இதற்குப் பெயர் தெரியும், பேரலல் ப்ராசஸிங்.

சரி, அந்தக் கொஞ்சம் பிளேயில் என்னதான் இருந்தது? ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெயர் மெஷ். இடது பக்கத்திலிருந்து ஒரு ரிசீவர், வலது பக்கத்திலிருந்து ஒருவர், இரண்டு பேரும் ஏறக்குறைய ஆறு யார்டு ஆழத்தில் மைதானத்தின் குறுக்கே எதிரெதிராக ஓடுகிறார்கள். நடுவில் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம் என்கிற அளவு நெருக்கமாகக் கடக்க வேண்டும். எதிரணி ஆளுக்கு ஆள் துரத்துகிறது என்றால், துரத்தி வரும் இரண்டு பேரும் அந்த நெருக்கத்தில் ஒருவரை ஒருவர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஒரு அடி, இரண்டு அடி பின்தங்கினாலே ரிசீவர் ஃப்ரீ. எதிரணி ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு ஏரியாவைக் காக்கிறது என்றால், ரிசீவர் ஓடுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேருக்கு நடுவிலுள்ள காலி இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதாவது, துரத்தினால் ஓடு, இல்லையென்றால் நில். ஒரே ஒரு இஃப்-எல்ஸ். ஆனால் இதை ரிசீவர் ஓடிக்கொண்டே முடிவு பண்ண வேண்டும். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் தன் தலைக்குள் அதே முடிவுக்கு வந்து, பந்தை அந்த இடத்துக்கு விட்டிருக்க வேண்டும். இரண்டு மண்டையிலும் ஒரே அவுட்புட் வர வேண்டும் என்றால் ஆயிரம் தடவை சேர்ந்து செய்திருக்க வேண்டும். பிளேயைக் குறைத்ததன் பலன் இங்கேதான் தெரியும். எதிரணிக்கு மெஷ் வரப்போகிறது என்று தெரிந்தாலும் பெரிதாக ஒன்றும் பண்ண முடியாது. எப்படித் தடுத்தாலும் அதற்கு ஒரு பதில் உள்ளேயே இருக்கிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைதானத்தின் அகலம் 160 அடி. ரிசீவர்களை முழு அகலத்துக்கும் பரப்பினால் டிஃபென்ஸும் பரவித்தான் ஆக வேண்டும், நடுவில் கூட்டம் குறையும். லைன்மேன்களையும் வழக்கத்தை விடத் தள்ளித்தள்ளி நிறுத்தினார்கள். முதலில் எனக்கு இது முட்டாள்தனமாகத் தெரிந்தது, ஓட்டை விழுமே என்று. ஆனால் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி வரும் தடியனுக்குத் தூரம் கூடுகிறது, பந்தோ அவன் வருவதற்குள் கையை விட்டுப் போய்விடுகிறது. நான்காவது முயற்சியில் மற்ற டீம்கள் பயந்து பந்தை உதைத்து எதிரிக்குக் கொடுப்பார்கள். மம்மி பெரும்பாலும் "இன்னொரு பிளே ஆடு" என்பார்.

1997. அதே கவுச், இரண்டாம் வருஷம். 3,884 யார்டு, 37 டச்டவுன். தலைப்பில் இருக்கும் எண் இதுதான். அக்டோபர் 4 அன்று அலபாமா வந்தது. கூடுதல் நேரம் வரை போன மேட்ச். கவுச் எறிந்து கிரெய்க் ஈஸ்ட் பிடித்த டச்டவுனில் 40-34 என்று முடிந்தது. கென்டக்கி அலபாமாவை அதற்கு முன் கடைசியாக ஜெயித்தது 1922-ல். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பங்களைப் பிடுங்கியது. அன்று ஆடிய ஃபைனல் இயர் பையன்களை நினைத்துப் பாருங்க. மூன்று வருஷம் அடி வாங்கிவிட்டு, போகிற வருஷத்தில் இந்த ஒரு சாயங்காலம்.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த சீசன் முடிவு 5 வெற்றி, 6 தோல்வி. யார்டு பதினான்கு மடங்கு, வெற்றி ஒன்றே ஒன்றுதான் கூடுதல். காரணம் டிஃபென்ஸ். கடைசி மேட்சில் டென்னசிக்காக ஆடிய பெய்டன் மேனிங் மட்டும் 523 யார்டு எறிந்தார். கென்டக்கி 31 பாயின்ட் எடுத்தும் டென்னசி 59. வேகமாக ஸ்கோர் பண்ணினால் உங்க டிஃபென்ஸ் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதும் இந்த முறையின் விலை. ஃபேன் பக்கங்களில் இதை யாரும் பேச மாட்டார்கள்.

1998-ல் கவுச் 4,275 யார்டு, எறிந்த நூறு பந்தில் எழுபத்திரண்டு பிடிபட்டது. டீம் 7 மேட்ச் ஜெயித்து, 1999 ஜனவரி 1 அன்று அவுட்பேக் பவுல் வரை போய் பென் ஸ்டேட்டிடம் 26-14 என்று தோற்றது. அந்த ஏப்ரலில் தொழில்முறை லீகான என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் டிம் கவுச். 276 யார்டு பையன்.

இதையெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாப் ஸ்டூப்ஸ், ஃபுளோரிடாவின் டிஃபென்ஸைக் கவனித்த கோச். 1998-ல் ஃபுளோரிடா கென்டக்கியை 51-35 என்று ஜெயித்தது, ஆனால் கென்டக்கி எடுத்த அந்த 35 அவரை உறுத்தியிருக்க வேண்டும். அந்த டிசம்பரில் அவருக்கு ஓக்லஹோமாவின் தலைமைக் கோச் வேலை கிடைத்தது. பழைய பெருமை நிறைய உள்ள டீம், ஆனால் ஐந்து வருஷமாக ஒரு சீசனில்கூடத் தோல்வியை விட வெற்றி அதிகம் வரவில்லை. ஸ்டூப்ஸ் தன் அஃபென்ஸை ஒப்படைக்கக் கூப்பிட்டது லீச்சை. லீச் தேடிப் பிடித்தது யூட்டாவில் ஸ்னோ காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த ஜோஷ் ஹைபல் என்ற இடதுகை குவார்ட்டர்பேக்கை.

1999-ல் டெக்சாஸுக்கு எதிரான மேட்சுக்கு முன் லீச் ஒரு வேலை பண்ணினார். போலியாக ஒரு பிளே லிஸ்ட் தயாரித்து, டெக்சாஸ் ஆட்கள் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவிட்டார். எடுத்தார்கள், நம்பினார்கள். ஓக்லஹோமா 17-0 என்று முன்னே போனது. அப்புறம் பேப்பர் தீர்ந்துபோனது, 38-28 என்று டெக்சாஸ் ஜெயித்தது. எனக்கு இந்தக் கதை சலிக்கவே சலிக்காது.

லீச் ஒரே வருஷத்தில் டெக்சாஸ் டெக்குக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். அவர் போட்ட அடித்தளத்தோடு ஓக்லஹோமா 2000 சீசனில் 13 மேட்ச் ஆடி 13-ம் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. ஃபைனலில் ஃபுளோரிடா ஸ்டேட்டை ஜெயித்த ஸ்கோர் 13-2. ஆமாம், வெறும் 13. அன்றைக்குக் கப்பை வாங்கிக் கொடுத்தது ஸ்டூப்ஸின் டிஃபென்ஸ்.

அதே 2000-ல் கென்டக்கி என்ன ஆனது தெரியுமா? மம்மி அங்கேயேதான் இருந்தார், மெஷ்ஷும் அதேதான். முந்தின வருஷம் ஆடிய டஸ்டி பானரை உட்காரவைத்துவிட்டு ஜேரட் லோரன்சன் என்ற இளையவரைக் குவார்ட்டர்பேக் ஆக்கினார். லோரன்சன் 3,600 யார்டுக்கு மேல் எறிந்தார். டீம் 2 வெற்றி, 9 தோல்வி. வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் பிரச்னையும் சேர்ந்துகொள்ள, 2001 பிப்ரவரியில் மம்மி ராஜினாமா செய்தார். உட்காரவைக்கப்பட்ட பானர் கென்டக்கியை விட்டுவிட்டு, மம்மி முன்பு இருந்த அதே வால்டோஸ்டா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே 2000, 2001 இரண்டு வருஷமும் இரண்டாம் டிவிஷனின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.